அப்பா கட்டிய கைக்கடிகாரம்: சீர்செய்வதா, விற்பதா?

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, என் தாத்தா கொழும்பில் பலசரக்கு வியாபாரம் செய்தவர். 1966-இல் என் அப்பாவின் திருமணத்துக்கு ஊருக்கு வந்தபோது, ஒரு ஃபேவர் லூபா கைக்கடிகாரம் வாங்கிவந்து தம் கையாலேயே அப்பாவுக்குக் கட்டிவிட்டார். சாவி கொடுத்து ஓட்டும் ‘சீ கிங்’ வகை. தங்க முலாம் பூசியது. பின்மூடியில் அப்பாவின் தலைப்பெழுத்தும் ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை அப்பா இதைத்தான் கட்டினார். பிறகு பீரோவில் வைத்துவிட்டார். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. பீரோவின் கீழறையில் இருந்த கடிகாரம் இரண்டு நாள் நீருக்குள் கிடந்தது. துடைத்து, வெயிலில் காயவைத்து, அரிசி டப்பாவில் போட்டுவைத்தோம். அன்றிலிருந்து ஓடவில்லை. டயலில் பழுப்புப் புள்ளிகள் விழுந்துள்ளன.

அப்பா சென்ற ஆண்டு காலமானார். திருநெல்வேலியில் ஒரு கடைக்காரர், டயலுக்குப் புது வர்ணம் அடித்து, கேஸை பாலிஷ் போட்டு, ஓடவைத்துத் தர 5,500 ரூபாய் ஆகும் என்கிறார். பழைய பொருள் வாங்கும் ஒருவர் இருக்கிற நிலையிலேயே 7,000 ரூபாய்க்குக் கேட்கிறார். சென்னையில் இருக்கும் தம்பி விற்றுவிடலாம் என்கிறான். தென்காசியில் இருக்கும் அக்கா விற்கவே கூடாது என்கிறார். அம்மா எதுவும் சொல்லவில்லை. என் மகன் பொறியியல் படித்து முடித்தவன். ஓடினால் நான் கட்டிக்கொள்கிறேன் என்கிறான். சீர்செய்து விற்றால் கூடுதல் விலை கிடைக்குமா? அல்லது வைத்துக்கொள்வதுதான் சரியா?
— ஒரு வாசகர், ஸ்ரீவைகுண்டம்

பதில்: விற்பதா, வைத்துக்கொள்வதா என்ற முடிவை எடுக்க உங்களுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. ஆனால் கடிகாரத்தைத் திறந்து உள்ளே இருக்கும் துருவை நிறுத்துவதற்கு அவகாசம் இல்லை. ஆகவே இந்த மாதத்துக்குள் நல்ல வாட்ச் மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்து மெஷினைப் பிரித்துச் சுத்தம் மட்டும் செய்யச் சொல்லுங்கள். டயலுக்கு வர்ணம் அடிக்கவும் கேஸை பாலிஷ் போடவும் இப்போதும் வேண்டாம், பிறகும் வேண்டாம். உங்கள் மகன் உண்மையிலேயே கட்டிக்கொள்வான் என்றால் ஓடும் அளவுக்குப் பழுது பாருங்கள். கட்டிக்கொள்ள ஆள் இல்லை என்றால் இருக்கிறபடியே விற்றுவிடுங்கள். விற்பதற்காகப் பழுது பார்ப்பது மட்டும் எந்த விதத்திலும் பயன் தராது. இதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் தண்ணீரைப் பற்றி. கடிகாரத்துக்குள் தண்ணீர் புகுவது பெரும்பாலும் சாவி கொடுக்கும் கீ வழியாகத்தான். கீயிலிருந்து மெஷினுக்குள் செல்லும் மெல்லிய எஃகுத் தண்டும், அதை அடுத்துள்ள சிறு பற்சக்கரங்களும்தான் முதலில் துருப்பிடிக்கும். மெஷினின் அடித்தட்டும், சக்கரங்களை மேலிருந்து பிடித்திருக்கும் ‘பாலங்கள்’ என்னும் தகடுகளும் பித்தளையால் ஆனவை. அவற்றுக்குக் கறை படியுமே தவிரப் பெரிய கேடு வராது. எஃகுப் பாகங்களில் தொடங்கும் துருவோ நின்ற இடத்தில் நிற்பதில்லை. அது பொடியாக உதிர்ந்து, காய்ந்துபோன பழைய எண்ணெயுடன் கலந்து, சக்கரங்களின் நுனி அச்சுகளைத் தேய்க்கும் மாவாக மாறிவிடுகிறது. வெள்ளநீரில் வண்டலும் கலந்திருந்ததால் உங்கள் கடிகாரத்தில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். அரிசி டப்பா இதற்கு உதவாது. மூடிய கேஸுக்குள் தங்கிவிட்ட ஈரத்தை வெளியே இருக்கும் அரிசி இழுப்பதில்லை. அரிசியின் மாவுத்தூசு கீ வழியாக உள்ளே போகத்தான் வாய்ப்புண்டு. அதை உடனே டப்பாவிலிருந்து எடுத்து, உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.

இன்னொன்றையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். ஓடுகிறதா என்று பார்ப்பதற்காக யாரும் சாவி கொடுக்கக் கூடாது. துருவேறிய தண்டு திருகும்போதே முறிந்துவிடலாம். முறியாவிட்டாலும், கடிகாரத்தை ஓட்டும் மெயின் ஸ்பிரிங்கின் முழு இழுவிசையும் அழுக்கேறிய அச்சுகள் மீது இறங்கும். கத்தி முனையால் பின்மூடியை நெம்புவதும் வேண்டாம். அப்பாவின் தலைப்பெழுத்து இருக்கும் மூடியில் கீறல் விழுந்தால் அதை நீக்க வழியில்லை.

மெக்கானிக் கடிகாரத்தைத் திறக்கும்போது நீங்கள் அருகில் இருங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நல்ல தொழிலாளி தாமே காட்டுவார். மூடியை எடுத்ததும் முதலில் தெரிவது, ஒரு பக்கமாக அமைந்திருக்கும் பேலன்ஸ் வீல் என்னும் வட்டச் சக்கரம். அதன் நடுவில் தலைமுடியை விட மெல்லிய ஹேர் ஸ்பிரிங் சுருள் சுருளாகப் படுத்திருக்கும். கடிகாரத்தைக் கையில் வைத்து மெதுவாகத் திருப்பும்போது அந்தச் சக்கரம் தடையின்றி ஆடி, கொஞ்சம் கொஞ்சமாக அடங்கினால், உயிர்நாடி கெடவில்லை என்று கொள்ளலாம். அசையாமல் இருந்தாலோ, ஓரிடத்தில் தட்டி நின்றாலோ செலவு கூடும். அடுத்து, திருகாணிகளின் தலையைப் பூதக்கண்ணாடி வழியாகப் பாருங்கள். தலையைச் சுற்றிச் செம்பழுப்பு வளையம் மட்டும் இருந்தால் சுத்தம் செய்யலாம். திருகாணியின் வெட்டே துருவில் கரைந்து மழுங்கியிருந்தால், அதைக் கழற்றுவதே ஒரு தனி வேலையாகிவிடும். மூன்றாவதாக, டயலில் உள்ள பெயரும் மெஷினில் பொறித்துள்ள பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். நம் நாட்டில் பல பழைய கடிகாரங்களில் ஒன்றின் டயலும் இன்னொன்றின் மெஷினும் மூன்றாவதன் கேஸும் சேர்ந்திருப்பதுண்டு. உங்களுடையது ஒரே கையில் இருந்துவந்தது என்பதால் அப்படி இருக்க வாய்ப்புக் குறைவு. இருந்தாலும், எந்த முடிவுக்கும் முன்பு மெஷினையும் அதிலுள்ள எண்களையும் கைபேசியில் தெளிவாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். விற்கும்போதும் அது உதவும். பாகம் தேடும்போதும் உதவும்.

இனி டயலைப் பற்றி. உங்களுக்கு இதைத்தான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கடைக்காரர் உங்களை ஏமாற்றுவதாக நான் நினைக்கவில்லை. பழையது புதிதுபோல ஆனால் வாடிக்கையாளருக்கு மகிழ்ச்சி என்ற எண்ணத்தில் பல காலமாகச் செய்யப்பட்டுவரும் வேலை அது. ஆனால் அந்த வேலையில் முதலில் நடப்பது, பழைய அச்சு முழுவதையும் சுரண்டியோ கரைத்தோ எடுப்பதுதான். சுவிட்சர்லாந்து ஆலையில் மயிரிழை போல் அச்சிட்ட எழுத்துகளும் நிமிடக் கோடுகளும் போனது போனதுதான். புதிதாக அடித்த டயலைத் தெரிந்தவர் ஒரு பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார். எழுத்து தடித்திருக்கும். நிமிடக் கோடு மணிக்குறியின் நடுவில் வந்து சேராது. ஆறு மணிக்குக் கீழே டயலின் விளிம்பில் இருக்க வேண்டிய ‘சுவிஸ் மேட்’ என்ற சிற்றெழுத்து விடுபட்டிருக்கும், அல்லது ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். பழைய கடிகாரம் சேர்ப்பவர்கள் அத்தகைய டயலைக் கண்டாலே விலையைக் குறைப்பார்கள். பலர் வாங்கவே மாட்டார்கள். பழுப்புப் புள்ளி உள்ள அசல் டயலுக்கோ எப்போதும் மதிப்பு உண்டு. வெள்ளத்தால் வந்த புள்ளிகள் அழகானவை என்று நான் சொல்லவில்லை. அவை இப்போது அந்தக் கடிகாரத்தின் வரலாறு; அதன் மேல் வேறொன்றை எழுதுவது அதைவிடப் பெரிய இழப்பு. உலர்ந்த மென்தூரிகையால் தூசியைத் தட்டுவதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். ஈரத்துணி பட்டால் அச்செழுத்துத் துணியோடு வந்துவிடும்.

உங்கள் கடிகாரத்தின் முட்களிலோ மணிக்குறிகளிலோ இருட்டில் ஒளிரும் பச்சை மஞ்சள் பூச்சு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், அதை யாரும் சுரண்ட வேண்டாம். 1960-களின் தொடக்கம் வரை அத்தகைய பூச்சுகளில் ரேடியம் என்னும் கதிரியக்கப் பொருள் பரவலாகச் சேர்க்கப்பட்டது. பிறகுதான் அதற்குப் பதிலாக டிரிடியம் வந்தது. இப்போது அது ஒளிராவிட்டாலும் ரேடியம் தீர்ந்துவிட்டதாக ஆகாது. அதன் வீரியம் பாதியாகக் குறையவே சுமார் 1,600 ஆண்டுகள் பிடிக்கும். ஒளியைத் தரும் கூட்டுப்பொருள்தான் சில பத்தாண்டுகளில் செயலிழந்துவிடுகிறது. உதிரும் பொடி மூச்சில் போவதே முதன்மையான ஆபத்து. மெக்கானிக்கிடமும் இதைச் சொல்லிவிடுங்கள். பழைய முட்களை வெறுங்கையால் எடுத்து ஊதித் துடைப்பது நம் கடைகளில் சாதாரணமாக நடக்கிறது.

கேஸ் பாலிஷுக்கும் இதே பதில்தான். தங்க முலாம் பூசிய கேஸில், பட்டை மாட்டும் கொம்புகளின் உட்புறத்திலோ அருகிலோ ‘20 மைக்ரான்’ என்பது போல ஓர் எண் இருக்கும். 20 மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. பாலிஷ் சக்கரத்தில் பிடித்தால் கீறலோடு முலாமும் போய், அடியில் உள்ள உலோகம் வெளியே தெரியும். கொம்புகளின் கூர்விளிம்புகளும் உருண்டுவிடும். தங்கத்துக்காக இந்தக் கடிகாரத்தைக் கேட்பவர் யாராவது இருந்தால், இந்த முலாமில் எடைபோடும் அளவுக்குத் தங்கம் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். முழுத் தங்கக் கேஸ் என்றால் 750 அல்லது 18 காரட் என்பது போன்ற முத்திரை உள்ளே இருக்க வேண்டும். பின்மூடி எஃகு என்று எழுதியிருந்தால் அது முலாம் பூசிய கேஸ்தான்.

இப்போது விலை. ஃபேவர் லூபா 1737-ஐத் தன் தொடக்க ஆண்டாகக் கொண்ட சுவிஸ் நிறுவனம். 19-ஆம் நூற்றாண்டிலேயே இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டது. அதனால்தான் நம் அப்பாக்கள், தாத்தாக்கள் கைகளில் அத்தனை ஃபேவர் லூபாக்களைப் பார்த்தோம். அதே காரணத்தால்தான் சாவி கொடுக்கும் சாதாரண ‘சீ கிங்’கும் ‘சீ சீஃப்’பும் இன்று அரியவை அல்ல. அந்த நிறுவனம் 1962-இல் காற்றழுத்தமும் உயரமும் காட்டும் ‘பிவோவாக்’ என்ற கடிகாரத்தையும், 1968-இல் நீரின் ஆழம் காட்டும் ‘பாத்தி’ என்ற கடிகாரத்தையும் வெளியிட்டது. அவை எண்ணிக்கையில் குறைந்தவை. அவற்றின் விலையும் வேறு. இணையத்தில் ஃபேவர் லூபாவுக்குப் பெரிய தொகை போட்டிருப்பதைப் பார்த்து, நம்முடையதும் அப்படித்தான் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். விற்பவர் கேட்கும் விலையும், வாங்கியவர் கொடுத்த விலையும் வேறு வேறு. விற்று முடிந்தவற்றின் விலையை மட்டும் பாருங்கள். அந்தக் கணக்கில், வெள்ளத்தில் நனைந்து, ஓடாமல், பெயர் பொறித்த பின்மூடியோடு இருக்கும் ஒரு கடிகாரத்துக்கு 7,000 ரூபாய் என்பது உங்களை ஏமாற்றும் விலை அல்ல. வெளியார் ஒருவருக்கு உங்கள் அப்பாவின் தலைப்பெழுத்து குறையாகவே தெரியும்.

5,500 ரூபாய் செலவழித்துப் புது டயலோடு கொண்டுபோனால், அதே ஆள் 12,500 கொடுப்பாரா? கொடுக்க மாட்டார். டயல் போய்விட்டது என்று சொல்லி 7,000-க்குக் கீழேயே கேட்கக்கூடும். சர்வீஸ் மட்டும் செய்து, டயலைத் தொடாமல் ஓடவைத்துக் கொண்டுபோனால் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கலாம். ஆனால் அந்தக் கூடுதல் சர்வீஸ் செலவுக்கே சரியாகப் போய்விடும். வாங்குபவர் பெரும்பாலும் தமக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் மறுபடியும் பிரித்துப் பார்க்கத்தான் போகிறார். ஆகவே பழுது பார்க்கும் செலவைத் திரும்ப வரும் முதலீடாக நினைக்காதீர்கள். அது உங்கள் மகன் கையில் கடிகாரம் ஓடுவதற்கான செலவு. அந்த ஒரு காரணத்துக்காக அதைத் தாராளமாகச் செய்யலாம்.

தம்பி, அக்கா விஷயத்தில் நான் தலையிடுவதற்கு மன்னிக்க வேண்டும். ஆனால் கேள்வியிலேயே அவர்கள் இருக்கிறார்கள். அப்பா உயில் எழுதாமல் மறைந்திருந்தால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய பொருளில் அம்மாவுக்கும், உங்களுக்கும், தம்பிக்கும், அக்காவுக்கும் சம பங்கு உண்டு. கைக்கடிகாரமும் அதில் அடக்கம். அப்படியானால் உங்களில் ஒருவர் மட்டும் விற்பதும் முறையல்ல. ஒருவர் மட்டும் கேளாமல் எடுத்துக்கொள்வதும் முறையல்ல. நல்ல வேளையாக, வெளியார் ஒருவர் ஏற்கெனவே விலை சொல்லியிருக்கிறார். அந்த 7,000-ஐ நான்காகப் பகிர்ந்தால் ஆளுக்கு 1,750 ரூபாய். தம்பிக்கு அவருடைய 1,750-ஐக் கொடுத்துவிட்டு, கடிகாரம் வீட்டில் இருக்கட்டும் என்று கேட்டுப் பாருங்கள். தொகை சிறியதுதான், ஆனால் கொடுத்துவிட்டால், நாளை அந்தக் கடிகாரத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு மனக்குறை எழாது. அக்கா தம் பங்கை வேண்டாம் என்று சொல்லக்கூடும். அதையும் அவரே சொல்லட்டும். இவற்றுக்கெல்லாம் முன்பு அம்மாவிடம் தனியாக உட்கார்ந்து கேளுங்கள். எதுவும் சொல்லவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதை, அவருக்குக் கருத்தே இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கல்யாணத்தன்று அந்தக் கடிகாரத்தைப் பார்த்தவர்களில் இன்று இருப்பவர் அவர்.

மகன் கட்டிக்கொள்வதாகச் சொல்வது உறுதியானால், மெக்கானிக்கைத் தேர்ந்தெடுப்பதில் சற்று நேரம் செலவிடுங்கள். திருநெல்வேலி ஜங்ஷனிலும் டவுனிலும் பாளையங்கோட்டைக் கடைத்தெருவிலும், பெரிய விளம்பரப் பலகை இல்லாமல் ஒரு கண்ணாடிப் பெட்டியோடு உட்கார்ந்திருக்கும் மூத்த தொழிலாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். பேட்டரி மாற்றுவதையே முழுநேர வேலையாகக் கொண்ட கடைகளை விட, சாவிக் கடிகாரத்தில் கை பழகிய இவர்களே உங்களுக்கு உகந்தவர்கள். மெஷினை முழுவதும் பிரித்துத்தான் சுத்தம் செய்வீர்களா, அல்லது அப்படியே பெட்ரோலில் முக்கி எடுப்பீர்களா என்று நேரடியாகக் கேளுங்கள். முக்கி எடுப்பதாகச் சொன்னால் நன்றி சொல்லி வந்துவிடுங்கள். வண்டல் அச்சுத் துளைகளில் அப்படியே தங்கிவிடும். மாற்றும் பழைய பாகங்களைத் திருப்பித் தர முடியுமா என்றும் கேளுங்கள். டயலையும் கேஸையும் பின்மூடியையும் தொட வேண்டாம் என்பதைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். எஃகுத் தண்டும் மெயின் ஸ்பிரிங்கும் மாற்ற வேண்டியிருக்கும் என்றே எதிர்பாருங்கள். கீறல் விழுந்த கண்ணாடி அந்தக் காலக் கடிகாரங்களில் பெரும்பாலும் அக்ரிலிக்தான். அதை மாற்றுவதோ மெருகேற்றுவதோ மதிப்பைக் குறைக்காது. பேலன்ஸ் வீலின் அச்சு முறிந்திருந்தால், அதே எண்ணுள்ள இன்னொரு பழைய மெஷினிலிருந்து எடுத்துப் போட வேண்டியிருக்கும். அந்த நிலை வந்தால் செலவை முன்கூட்டியே எழுதி வாங்கி, நிதானமாக முடிவெடுங்கள்.

ஓடத் தொடங்கிய பின் மகனுக்குச் சொல்ல வேண்டியவை அதிகம் இல்லை. நாள்தோறும் காலையில் ஒரே நேரத்தில், கையிலிருந்து கழற்றிவைத்துச் சாவி கொடுக்க வேண்டும். கீ இறுகுவது விரலுக்குத் தெரியும், அதற்கு மேல் திருகக் கூடாது. பெயரில் கடல் இருந்தாலும் தண்ணீர் ஆகாது: தாமிரபரணியில் குளிக்கப் போகும்போதும், மழையில் வண்டி ஓட்டும்போதும் அது வீட்டில் இருக்கட்டும். நம் ஊர் வெயிலில் வியர்வையும் தண்ணீர்தான். தோல் பட்டையை மாலையில் கழற்றிக் காற்றாட வைப்பது கேஸின் முலாமையும் காக்கும். ஒரு நாளைக்கு அரை நிமிடம் முந்தினாலும் பிந்தினாலும் அறுபது வயதுக் கடிகாரத்துக்கு அது நல்ல ஆரோக்கியமே. நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை, ஓடிக்கொண்டிருந்தாலும் சர்வீஸ் செய்ய வேண்டும். எண்ணெய் காய்ந்த நிலையில் ஓடுவதுதான் அச்சுகளைத் தின்னும்.

ஒருவேளை, திறந்து பார்த்ததில் துரு எல்லை மீறியிருந்து, மெக்கானிக் கைவிரித்துவிட்டால்? அப்போதும் அவசரப்பட்டு 7,000-க்குத் தலையாட்ட வேண்டாம். நிலைமையை மறைக்காமல் சொல்லி விலை கேளுங்கள். பாகங்களுக்காக வாங்குபவர்கள் இருக்கிறார்கள். பின்மூடியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுக்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. விலை சற்றுக் குறையும். ஆனால் அந்த மூடிக்கு உங்கள் வீட்டுக்கு வெளியே எங்கும் மதிப்பில்லை.

கேள்வி: 1978-இல் என் கணவர் அரசு வேலையில் சேர்ந்தபோது முதல் சம்பளத்தில் வாங்கிய எச்.எம்.டி. ஜனதா எங்களிடம் இருக்கிறது. இத்தனை ஆண்டும் ஒழுங்காக ஓடியது, சில வாரங்களாக நாளுக்குப் பதினைந்து நிமிடம் முந்துகிறது. எச்.எம்.டி. கடிகாரங்களுக்கு இப்போது நல்ல விலை என்கிறார்கள். பெரிய பழுது வருவதற்கு முன் விற்றுவிடலாமா?
— ஒரு வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: அம்மா, இது பெரும்பாலும் பெரிய பழுது அல்ல. ஒழுங்காக ஓடிய கடிகாரம் திடீரென்று இவ்வளவு முந்தினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது காந்தத்தைத்தான். கைபேசி, காந்த மூடியுள்ள கைபேசி உறை, தொலைக்காட்சியின் ஒலிபெருக்கி ஆகியவற்றின் அருகில் வைத்தால் ஹேர் ஸ்பிரிங் காந்தமேறி, சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சுருளின் நீளம் குறைந்ததுபோல் ஆகி, பேலன்ஸ் வீல் வேகமாக ஆடும். வாட்ச் கடையில் காந்தம் இறக்கும் சிறு கருவி இருக்கும். சில நிமிட வேலை. அதற்கும் சரியாகவில்லை என்றால் ஹேர் ஸ்பிரிங்கில் எண்ணெய் பட்டிருக்கலாம். அதைச் சர்வீஸில் சரிசெய்துவிடலாம்.

எச்.எம்.டி. நிறுவனம் 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு பெங்களூரில் கைக்கடிகாரத் தயாரிப்பைத் தொடங்கியது. கடிகாரப் பிரிவை மூட மத்திய அமைச்சரவை 2016-இல் ஒப்புதல் தந்தது. அந்தச் செய்திக்குப் பிறகுதான் பழைய எச்.எம்.டி.க்கு இத்தனை தேட்டம். ஆனால் இந்த நிறுவனம் கோடிக்கணக்கில் கடிகாரம் செய்தது. ஜனதா அவற்றில் எளிதில் கிடைக்கும் வகை. நீங்கள் கேள்விப்படும் பெரிய விலைகள் பெட்டியும் சீட்டும் பிரியாத, கட்டப்படாத கடிகாரங்களுக்கானவை. விற்று வரும் தொகை உங்கள் வீட்டில் எந்தக் குறையையும் தீர்க்கப்போவதில்லை. பாகங்கள் தாராளமாகக் கிடைக்கும், எந்த மூத்த மெக்கானிக்குக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கத் தெரிந்த மெஷின் இது. காந்தம் இறக்கி, உங்கள் கணவரையே கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: என் மாமா 1980-களில் சவுதியில் வேலை பார்த்தபோது வாங்கிய சீக்கோ 5 ஆட்டோமேட்டிக் என்னிடம் வந்திருக்கிறது. கிழமை அரபியிலும் ஆங்கிலத்திலும் வருகிறது. இரவில் கழற்றிவைத்தால் காலையில் நின்றுவிடுகிறது. உள்ளே பேட்டரி மெஷின் வைத்துவிட்டால் தொல்லை இல்லை என்கிறார் கடைக்காரர். செய்யலாமா?
— ஒரு வாசகர், கடையநல்லூர்

பதில்: செய்ய வேண்டாம். பேட்டரி மெஷின் வைத்தால் அரபிக் கிழமைத் தகடும் போய்விடும், கடிகாரமும் பெயரளவில்தான் சீக்கோவாக இருக்கும். கடையநல்லூரிலும் மேலப்பாளையத்திலும் வளைகுடா சென்றுவந்த பல வீடுகளில் இந்தக் கடிகாரம் இருக்கிறது; அந்தக் கிழமைத் தகடுதான் அது வளைகுடாச் சந்தைக்காகச் செய்யப்பட்டது என்பதற்கான அடையாளம்.

1963-இல் தொடங்கிய சீக்கோ 5 வரிசையின் அக்காலத்துப் பல மெஷின்களில் கீயைத் திருகிச் சாவி கொடுக்க முடியாது; கையின் அசைவில் உள்ளிருக்கும் அரைவட்ட எடை சுழன்றால்தான் ஸ்பிரிங் ஏறும். நாள் முழுவதும் மேசையில் உட்கார்ந்து வேலை செய்பவர் என்றால் போதிய அளவு ஏறாது. ஒரு நாள் கழற்றாமல் கட்டி, நன்றாக நடந்து திரிந்த பிறகு கழற்றிவைத்துப் பாருங்கள். அப்போதும் காலைக்குள் நின்றால் எண்ணெய் காய்ந்திருக்கிறது என்று பொருள், சர்வீஸ் போதும்.

உங்கள் கடிகாரத்தின் வயதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பின்மூடியில் 7009 அல்லது 6309 என்பது போலத் தொடங்கும் எண்ணின் முதல் நான்கு இலக்கங்கள் மெஷினுக்குரியவை. தனியே இருக்கும் ஆறு இலக்க வரிசை எண்ணில், முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். 45 என்று தொடங்கினால், 4-இல் முடியும் ஓர் ஆண்டின் மே மாதம். மாமா சவுதியில் இருந்த காலத்தோடு சேர்த்துப் பார்த்தால் 1984 என்று தெளியலாம். அக்டோபருக்கு 0 போன்ற குறியும், நவம்பர், டிசம்பர் மாதங்களுக்கு எண்ணுக்குப் பதிலாக அந்தந்த மாதத்தின் ஆங்கில முதலெழுத்தும் இருக்கும். சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் இந்த இரண்டு எண்களையும் குறித்துவைத்துக்கொண்டு, திரும்ப வாங்கும்போது பின்மூடியில் அதே எண்கள் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். கடைக்காரர் முன்னிலையில் மூடியைத் திறக்கச் சொல்லி, மெஷினிலும் அந்த நான்கு இலக்கமே இருக்கிறதா என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.